இரண்டாவது பேனா

எங்கள் கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள். அதில் பதினொரு வீட்டுச் சங்கதி எனக்குத் தெரியும். பன்னிரண்டாவது என் வீடு. அதன் சங்கதி மற்ற பதினொரு வீட்டுக்கும் தெரியும். என் எதிர்வீட்டுத் தராசைப் பற்றியும், அவர் தலைக்கு மேலே குடியிருக்கும் ஸ்தோத்திரம் அக்காவைப் பற்றியும்தான் இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாமல் இருந்தால் எனக்கு நல்லது. ஆனால் சொல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை.

தராசு என்பது நான் வைத்த பெயர். மனிதர் அளவுக் கருவிகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறார். கடைத் தராசு, மருந்துக்கடையின் குட்டித் தராசு, லாரியையே ஏற்றி நிறுத்தும் எடைமேடை எல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை அவர் கைக்கு வந்தாக வேண்டும். பஞ்சு வைத்த பெட்டியில் எடைக்கற்களைத் தூக்கிக்கொண்டு போவார். கல்லை வெறும் கையால் தொடமாட்டார். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் எடை மாறிவிடுமாம். கல்லை வைப்பார், எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருப்பார், காட்டியதைத் தாளில் எழுதுவார், கையெழுத்துப் போடுவார், தேதி போட்ட வில்லையை ஒட்டுவார். “பாக்காததை எழுதமாட்டேன்” என்பது அவருடைய ஒரே மந்திரம். கடைக்காரனுக்கும் அதைத்தான் சொல்வார், கடவுளுக்கும் அதைத்தான் சொல்வார்.

கடவுளுக்குச் சொல்ல வைத்தது அக்கா. வாய்க்கு வாய் ‘ஸ்தோத்திரம்’ சொல்கிற கிறிஸ்தவர், பெயரும் அதில் வந்ததுதான். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பிரிவுக்கு அவர்தான் மேற்பார்வை. காலை ஐந்தரைக்கு வேலைக்குப் போய் மாலையில் திரும்புவார். அவர் கணவர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கவாதத்தில் உடம்பே விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. இடது கையில் மோதிரவிரல் மட்டும் சொன்னபடி கேட்கும். தினமும் ஏழு மணிக்கு அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு பாட்டுப் பாடுவார். குரல் என்னவோ, தண்ணீர் நின்றுபோன குழாயில் காற்று வருகிற மாதிரிதான் இருக்கும். அந்த மனிதர் மோதிரவிரலால் இரும்புக் கட்டிலில் தட்டித் தாளம் போடுவார். பாட்டை விடத் தாளம் சரியாக இருக்கும்.

எனக்கு நம்பிக்கையும் கிடையாது, நம்பாமல் இருப்பதற்காக உழைக்கிற தெம்பும் கிடையாது. தராசுக்கு அந்தத் தெம்பு உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் கோயிலிலிருந்து அக்கா திரும்பும்போது, அந்த ஞாயிற்றுக்கிழமைச் செருப்பின் டக் டக் சத்தம் படியில் கேட்டவுடன் தராசு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். நானும் காய்கறித் தட்டோடு என் வாசலில் உட்கார்ந்துவிடுவேன். டிவியில் கூட அவ்வளவு நன்றாக இருக்காது.

“தம்பி, இந்த வாரக் கைப்பிரதி. கோயில்ல குடுத்தாங்க, ரெண்டே பக்கந்தான். படிச்சுப் பாருங்க.”

“போன வாரத்துதே இன்னும் இருக்குக்கா.”

“படிச்சீங்களா?”

“எழுத்துப்பிழை நாலு இருந்துச்சு, திருத்தி வெச்சிருக்கேன்.”

நான் சிரித்துவிடுவேன். அக்காவும் சிரிப்பார்; அதுதான் அவரிடம் ஒரு கஷ்டம். கோபித்துக்கொள்கிற ஆளாக இருந்தால் எப்போதோ முடிந்திருக்கும்.

“காத்து கண்ணுக்குத் தெரியுதா தம்பி? இல்லேன்னு சொல்வீங்களா?”

“தெரியாதுதான். அளக்கலாம். டயர்ல எவ்வளவு இருக்குன்னு பெட்ரோல் பங்க்ல கேட்டா சொல்வான்.”

“மொதல்ல விசுவாசிக்கணும். அப்பறந்தான் தெரியும்.”

“அக்கா, ஒரு கடைக்காரர் என்கிட்ட வந்து, ‘சார், மொதல்ல என் தராசை நம்புங்க, அப்பறம் அது சரியா காட்டும்’னு சொன்னா நான் வில்லை ஒட்டிருவேனா?”

இதற்கு மாடிப்படியில் நின்ற மூன்று பேர் கைதட்டியே விட்டார்கள். அக்காவின் முகம் கொஞ்சம் சுருங்கியது. படி ஏறப் போனவர் பாதியில் நின்று திரும்பினார்.

“அப்ப சோதிச்சுப் பாத்துருங்களேன். உங்க தொழில்தானே.”

“எதை?”

“முப்பது நாள். சாயந்தரம் ஏழு மணிக்கு ரெண்டு நிமிஷம். ‘நீ இருந்தா எனக்குத் தெரியப்படுத்து’ன்னு வாயைத் திறந்து சொல்லணும், அவ்வளவுதான். ஒண்ணும் நடக்கலேன்னா நடக்கலேன்னு எழுதிக் குடுங்க. அப்பறம் இந்த வாசல்ல நின்னு ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஏதாவது நடந்தா ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை என்கூட வரணும்.”

தராசு மாட்டிக்கொண்டார். வாதம் என்றால் ஆயிரம் செய்வார். சோதனை என்று வந்தவனை அவரால் திருப்பி அனுப்ப முடியாது. அன்றைக்கே ஒரு தாளில் கோடு போட்டார். நாள், நேரம், சொன்னது, கவனித்தது, கையெழுத்து என்று ஐந்து கட்டம். அக்கா அதைப் பார்த்துவிட்டு, “எவ்வளவு அழகா கோடு போட்டிருக்கீங்க!” என்று சந்தோஷமாகப் போனார்.

என் சமையலறை ஜன்னலில் நின்றால் தராசின் கூடம் தெரியும். நான் பார்ப்பதற்காக நிற்கவில்லை, அடுப்பு அங்கேதான் இருக்கிறது. அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் மாலை வேலை, ஏழு மணிக்கு மனிதர் தனியாகத்தான் இருப்பார். முதல் நாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடையில் வைத்தார், பிறகு கட்டினார், பிறகு மறுபடி தொடையில் வைத்தார். வாய் அசைந்தது. உடனே சடாரென்று எழுந்துபோய் திரைச்சீலையை இழுத்துவிட்டார்.

அடுத்த நாள் திரைச்சீலை திறந்தே இருந்தது. ஏழு மணிக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் வினாடி வினா நிகழ்ச்சி பார்த்தார். அதற்குப் பிறகு நானே பார்ப்பதை விட்டுவிட்டேன், அலுத்துவிட்டது.

இருபத்தொன்பதாம் நாள் என் கதவைத் தட்டினார்.

“அண்ணி, வேற கலர் பேனா ஏதாவது இருக்கா?”

“என்னத்துக்கு?”

“சும்மாதான்.”

சும்மா என்று சொன்னால் நான் விடுகிற ஆளா? பேனாவை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். மேசையில் அந்தத் தாள். முதல் வரிசை மட்டும் நிரம்பியிருந்தது. ‘கவனித்தது: ஒன்றுமில்லை.’ கீழே இருபத்தொன்பது வரிசை வெள்ளையாகக் கிடந்தன.

“அட, நல்லவரே!” என்றேன்.

“சிரிக்காதீங்க அண்ணி. மொத நாள் சொன்னேன். சொன்னதும் காது ரெண்டும் சூடாயிருச்சு. வெறும் ரூம்ல உக்காந்து யார்கிட்டயோ பேசறது எவ்வளவு அசிங்கமா இருக்கு தெரியுமா?”

“யாரும் இல்லைன்னா யாரைப் பாத்து வெக்கம்?”

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “எப்படியும் ஒண்ணும் நடந்திருக்காது. பதில் தெரிஞ்ச கணக்குதானே” என்றார். “ஆனா ஒரே பேனால முப்பது நாளும் எழுதினா நானே கண்டுபிடிச்சிருவேன். மருந்து கம்பெனில ஒருத்தன் இப்படித்தான், தினம் தராசைச் சோதிச்சு எழுத வேண்டிய ஒரு மாசத் தாளை ஒரே மூச்சுல எழுதியிருந்தான். மை ஒரே மாதிரி, சாய்வு ஒரே மாதிரி. ஒரு பார்வைல பிடிச்சேன். வேலை போயிருச்சு அவனுக்கு.”

இப்போது நினைத்தால் அந்த இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. அவர் கறுப்புப் பேனாவில் பத்து வரிசை எழுதினார், நடுவில் என் பேனாவில் பன்னிரண்டு வரிசை, மறுபடி கறுப்பு. நான் பக்கத்தில் நின்று, “இந்தக் கையெழுத்துல கொஞ்சம் அவசரம் காட்டுங்க” என்றும், “ஏழு மணின்னே போடாதீங்க, ஒரு நாள் ஏழு பத்துன்னு போடுங்க” என்றும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். உற்சாகம் தாங்காமல் டீக் கோப்பையின் அடியை நானே பதினோராம் நாள்மேல் வைத்து எடுத்தேன். வட்டமாக ஒரு கறை விழுந்தது. தத்ரூபம்! கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

என் பேனாவின் மை நீலமும் இல்லை, ஊதாவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறம். ‘குப்பையைப் படியில் வைக்காதீர்’, ‘தண்ணீர்த் தொட்டி கழுவும் நாள்’ என்று கீழே அறிவிப்புப் பலகையில் வருஷக்கணக்காக நான் எழுதி ஒட்டுவது அந்தப் பேனாவில்தான். இது அன்றைக்கு எனக்கு ஞாபகமே வரவில்லை. ஊர் வம்பெல்லாம் ஞாபகம் இருக்கும், தன் வம்பு இருக்காது.

முப்பதாம் நாள் மாலை தராசு தாளை நீட்டினார். நான் என் வாசலில் நின்றுகொண்டேன். அக்கா கண்ணாடியைப் போட்டு, படிக்கட்டு விளக்குக்குக் கீழே நின்று, முதல் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தார். எல்லோரும் கடைசி வரியை மட்டும் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரித் துணியை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தே பழகியவர் அல்லவா? பதினோராம் நாளில் விரல் நின்றது.

“அன்னிக்கு டீ குடிச்சுட்டே சொன்னீங்களா தம்பி? பரவால்ல. சொன்னீங்களே, அது போதும்.”

தராசு வேறெங்கோ பார்த்தார்.

“நடுவுல பேனா தீந்துபோச்சா?”

“ம்.”

முப்பது ‘ஒன்றுமில்லை’யையும் முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “வேற யார் எழுதிக் குடுத்திருந்தாலும் நம்பமாட்டேன்” என்றார். “நீங்க பாக்காததை எழுதமாட்டீங்க. முப்பது நாளும் ஏழு மணிக்கு, பாட்டுக்கு முன்னால, நானும் மேல முழங்கால்ல நின்னு ஜெபிச்சேன் தம்பி. நீங்க கீழ கேக்கறீங்க, நான் மேல கேக்கறேன், ரெண்டு பேர் சேந்து கேட்டா...” தாளை நான்காக மடித்து, “ரொம்ப நன்றி. கஷ்டப்பட்டு செஞ்சிருக்கீங்க” என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு படி ஏறிப் போனார்.

தராசு ஜெயித்துவிட்டார். கைதட்ட யாருமில்லை, நானும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படியில் டக் டக் சத்தம் இல்லை. கைப்பிரதி இல்லை. சரி, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார், உடம்பும் முடியவில்லை போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஏழு மணிப் பாட்டும் இல்லை. அக்கா வேலையிலிருந்து வருவது கேட்கும், குழாய் ஓடுவது கேட்கும், பாத்திரம் வைப்பது கேட்கும். ஏழு அடிக்கும். பாட்டு வராது.

தாளம் மட்டும் வந்தது.

டக். டக். டக்டக். கொஞ்சம் நிற்கும். பாட்டு ஆரம்பிக்குமா என்று காத்திருக்கிற நிறுத்தம் அது. மறுபடி முதலிலிருந்து டக். டக். டக்டக். அந்த மனிதருக்கு என்ன தாள், என்ன சோதனை? ஏழு மணியானால் மனைவி பாடுவாள், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. கால் மணி நேரம் தட்டிவிட்டு ஓய்ந்துவிடுவார்.

எங்கள் வீட்டுக்கே கேட்டது என்றால் தராசு வீட்டில் கூரை வழியாக நேராக இறங்கியிருக்கும். டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அது டிவிக்கு மேலேயும் கேட்டது. ஏழு மணிக்கு வெளியே போய்ப் பார்த்தார். திரும்பி வந்தபோது படியில் கேட்டது. எட்டாவது நாள் என் கதவுக்கு வந்துவிட்டார். நாலு நாள் தாடி.

“அண்ணி, கேக்குதா?”

“என்னது?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க.”

எங்கள் வீட்டுக்காரர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அவருக்கு எல்லாம் தெரியும். தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு இருபத்தாறு வருஷப் பழக்கம்.

“விடுங்க தம்பி,” என்றேன். “நாலு நாள்ல தானா பாட ஆரம்பிச்சிருவாங்க. நீங்கதான் கடவுள் இல்லைன்னு சொல்றவராச்சே. நீங்க நெனச்சதுதானே நடந்திருக்கு?”

“நான் நெனச்சது அவங்க வாதத்துல தோக்கணும்னு. இது வாதம் இல்ல. நான் வில்லை ஒட்டிட்டேன் அண்ணி. கல்லை வைக்காமலே.” கையை இரண்டு தடவை துடைத்துக்கொண்டார். “இப்பவும் நான் நம்பலை. ஆனா சோதிச்சுப் பாத்துட்டேன்னு இனிமே எவன்கிட்டயும் சொல்ல முடியாது. மருந்து கம்பெனி ஆளு என் முன்னாடி அழுதான். ‘எப்படியும் எடை சரியாத்தான் சார் இருக்கும், அதான் எழுதினேன்’னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘சரியா இருந்தாலும் பொய்தாம்பா’ன்னேன்.”

மேலே தாளம் நின்றது. மறுபடி ஆரம்பித்தது.

“நான் போய் சொல்லிர்றேன்.”

“சொல்லுங்க. ஆனா அந்தப் பேனா...” என்று இழுத்தேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். தராசில் கல்லை வைத்துவிட்டுப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. “உங்க பேர் வராது” என்றார்.

அவர் தனியாகப் போயிருக்கலாம். ஆனால் அக்கா வீட்டுத் துணிக்கிளிப் இரண்டு என் பால்கனியில் விழுந்து மாசக்கணக்காகக் கிடந்தன. அவற்றைத் திருப்பிக் கொடுக்க எனக்கு அந்த நிமிஷம் பார்த்து அவசரம் வந்தது.

அக்காவின் வீட்டில் ஆஸ்பத்திரி சோப்பு வாசனை அடித்தது. கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார்கள். அக்கா தரையில் உட்கார்ந்து தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தார். தராசு உட்காரவில்லை. நான் கிளிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு கதவு ஓரத்தில் நின்றேன்.

“அக்கா, அந்தத் தாள் பொய்.”

மடித்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. “எந்த நாள்?”

“மொத நாள் மட்டும் சொன்னேன். அதுவும் அரைகுறையா. மிச்சம் இருபத்தொம்பதும் ஒரே நாள்ல நானா எழுதினது.”

இப்போது கை நின்றது. “கறை?”

“அதுவும் வேணும்னே வெச்சது.”

அக்கா எழுந்து அலமாரியில் வேதப்புத்தகத்துக்கு அடியிலிருந்து தாளை எடுத்தார். அங்கேயா வைத்திருந்தார்! பிரித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இப்போது திட்டுவார், இப்போது ‘பார்த்தீர்களா, என் ஆண்டவர் உங்களைச் சொல்ல வைத்துவிட்டார்’ என்பார் என்று காத்திருந்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! கீழே போய் அதை வைத்தே ஒரு வாரம் சிரித்திருக்கலாம்.

“எட்டு நாளா இந்த மனுஷனுக்கு நான் பாடலை தம்பி,” என்றார். குரல் எழும்பவே இல்லை. “மூணு வருஷமா நான் கேட்டுக்கிட்டே இருக்கேன். அவர் விரல் ஒண்ணுகூட அதிகமா அசையலை. அப்ப எல்லாம் நிக்காத பாட்டு, உங்க கையெழுத்தைப் பாத்ததும் நின்னுபோச்சு. என் முழங்காலை விட உங்க தாளைப் பெருசா நம்பியிருக்கேனே. உங்களை என்னத்தைச் சொல்ல? எனக்குத்தான் மூஞ்சியைத் தூக்க முடியலை.”

கட்டிலில் இருந்தவரைப் பார்த்துதான் அதைச் சொன்னார். அவர் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மறுபடி செய்யறேன் அக்கா,” என்றார் தராசு. “மொத நாள்லேருந்து. நெசமா.”

“வேணாம். எனக்காகச் சொன்னா அதுவும் பொய்தான். உங்களுக்கு என்னிக்காவது கேக்கணும்னு தோணுச்சுன்னா கேளுங்க. தாள் வேணாம்.” தாளை மடித்து அவர் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது, “ரெண்டு பேனா இருக்கே” என்றார்.

“ரெண்டும் நான்தான் எழுதினேன்” என்றார் தராசு. வார்த்தைக்கு வார்த்தை உண்மை.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. “கிளிப்பை அங்க வெச்சுருங்க” என்று மட்டும் சொன்னார். வைத்தேன். என் வாய் திறந்திருந்தால் அன்றைக்கு ஒரே ஒரு நல்ல காரியம் செய்திருக்கும். உலகத்துக்கே திறக்கிற வாய் அன்றைக்குப் பூட்டிக்கொண்டது.

நாங்கள் படி இறங்கும்போது டக். டக். டக்டக். அதன் பிறகு பாட்டு. முதல் அடியில் குரல் உடைந்தது, இருமினார், மறுபடி முதலிலிருந்து எடுத்தார். தராசு தன் கதவில் சாவியைப் போட்டுவிட்டுத் திருப்பாமல் நின்றார். இரண்டு பாட்டும் முடிகிறவரை நின்றார். அதைக் கேட்டு அவருக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, கேட்டார், அவ்வளவுதான்.

அவர் இப்போதும் கோயிலுக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை செருப்புச் சத்தம் திரும்ப வந்துவிட்டது; அவர் கதவு மட்டும் திறப்பதில்லை. கைப்பிரதி வேண்டாம் என்று வாதாடுவதற்கும் ஒரு யோக்கியதை வேண்டும் போல.

போன செவ்வாய்க்கிழமை அக்காவின் கணவருக்கு மருந்துப் பொட்டலம் வந்தது. கூரியர்காரன் என் வாசலில் நின்று அக்காவைக் கூப்பிட்டான். அக்கா இறங்கி வந்தார், ரசீதைக் கையில் வாங்கினார், கூரியர்காரனின் பேனா எழுதவில்லை.

“பேனா இருக்கா?” என்று என்னிடம் கேட்டார்.

“இல்லையே” என்றேன்.

என் மேசை வாசலுக்கு நேராக இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி அறிவிப்பைப் பாதி எழுதிவிட்டு எழுந்து வந்திருந்தேன். பேனா மூடி திறந்தபடி அதன்மேல் கிடந்தது. அக்கா அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு அவரே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, எடுத்து, குனிந்து ரசீதில் கையெழுத்துப் போட்டார். மை காய்கிறவரை அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூடியைத் தேடி எடுத்து மாட்டி, பேனாவை என் உள்ளங்கையில் வைத்தார்.

“நல்லா எழுதுது” என்று சொல்லிவிட்டு மருந்தோடு படி ஏறினார்.

அறிவிப்பு இன்னும் பாதியில்தான் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி என்றைக்குக் கழுவப்படும் என்று பதினொரு வீட்டுக்காரர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.